இரண்டு சாவிகள்

ஆகஸ்ட் பதினைந்துக்குள் பதில் சொல்லிவிட வேண்டும்.
மேசையில் இரண்டு சாவிகள்.

ஒன்று வால் ஃபுந்தோவில்.
கடலை விட்டு எழுபது கிலோமீட்டர், அலென்தேஜுவுக்குள்.
வெள்ளைச் சுவர், ஜன்னலைச் சுற்றி நீலப் பட்டை,
கொல்லையில் மூன்று தக்கை ஓக் மரங்கள்.
அடிமரத்தில் 9 என்று பெயின்ட்டில் எழுதியிருக்கிறது,
பட்டை உரித்த வருடத்தின் கடைசி எண்.
மறுபடி உரிக்க ஒன்பது வருடம் ஆகுமாம்.
அங்கே அவசரம் என்றால் அவ்வளவுதான்.
செவ்வாய், வெள்ளி ரொட்டி வண்டி வரும்.
பதினொரு பேர். பூட்டிய பள்ளிக்கூடம்.

மற்றது ஒல்யாவில்,
மீன் சந்தைக்கு எதிரே, நாலாவது மாடி, லிஃப்ட் இல்லை.
விடிவதற்கு முன்பே ஐஸ் கொட்டும் சத்தம்,
கல் பாவிய தெருவில் சூட்கேஸ் சக்கரங்கள்,
காபிக்கடையில் நாலு மொழியில் பில் தகராறு,
தீவுக்குப் போகும் படகின் ஊதல்,
போதாததற்கு
வெட்கங்கெட்ட கடற்காகங்கள்.

இருபத்தாறு வருடம் ஹோட்டல் சலவையறையில் நின்றவள் நான்.
ஆறு இயந்திரங்களும் ஒன்றாக உறுமும்.
வாங்கிய சம்பளத்தில் பாதி
அந்தச் சத்தத்துக்குத்தான் கொடுத்தார்கள் என்று நினைக்கிறேன்.
எனக்கு வால் ஃபுந்தோ போதும்.
அபீலியுவைக் கேட்டேன்.
"உன் இஷ்டம்" என்றான்,
மத்தியில் முள் எடுத்துக்கொண்டே.
எதைச் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்வதில்லை இந்த மனிதன்
என்று தங்கை அல்ஸீராவுக்கு ஃபோன் போட்டுப் புலம்பினேன்.
புதிதில்லை. வருடக்கணக்காகப் புலம்புகிறேன்.

வெள்ளிக்கிழமை அந்த வீட்டை இன்னொரு தரம் பார்க்கப் போனோம்.
அவன் சாலைக்கு முதுகைக் காட்டி
அத்தி இலை ஒன்றைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.
ரொட்டி வண்டி வந்தது.
நாய்கள் எழுந்தன. கதவுகள் திறந்தன.
மூன்று முறை ஹாரன்,
அவன் முதுகுக்கு இரண்டு கஜம் பின்னால்.
அவன் அடுத்த இலையைத் திருப்பினான்.

காரில் அவன் தாடையைப் பிடித்து என் பக்கம் திருப்பி
"எத்தனை நாளாக?" என்றேன்.
என் உதட்டையே பார்த்தான்.
இருபது வருடமாக அவன் பார்வையை
ஆசை என்று நினைத்திருந்தேன்.

"இடது காது படகு என்ஜினோடு போய்விட்டது.
வலது, போன குளிர்காலத்தில்."
பிறகு சிரித்தான்.
"இந்த ஊருக்கு வந்திருந்தால் உனக்குத் தெரிந்தே இருக்காது.
இங்கே யாருக்குத்தான் என்ன கேட்கிறது?"

"பின்னே ஏன் சரி சொல்லவில்லை?"

"இங்கே எல்லோரும் குனிந்தபடி பேசுகிறார்கள்,
மண்ணைப் பார்த்து, ஆட்டைப் பார்த்து.
மீன்காரி நேராக முகத்தைப் பார்த்துக் கத்துவாள்.
விலையை அவள் வாயிலேயே படித்துவிடலாம்.
சந்தேகமிருந்தால் விரலும் காட்டுவாள்."

இத்தனை வருடத்தில் அவன் கேட்டது
இது ஒன்றுதான்.
அதையும் கேட்காமல்தான் கேட்டான்.

பரிதாபம் வரவில்லை எனக்கு. கோபம்தான் வந்தது.
நான் சேர்த்துவைத்த அமைதியை
எனக்கு முன்னால் போய் எடுத்துக்கொண்டுவிட்டானே!
ஃபாரோ தாண்டும்வரை பேசவில்லை.
பேசாததும் அவனுக்குத் தெரிந்திருக்காது
என்பது பிறகுதான் உறைத்தது.

வால் ஃபுந்தோ சாவியைத் தபாலில் திருப்பி அனுப்பினேன்.

இப்போது காலை நாலரை.
கீழே ஐஸ் கொட்டுகிறார்கள்.
டாக்ஸிக்காரனிடம் எவளோ பிரெஞ்சில் சண்டை போடுகிறாள்.
அபீலியு புரண்டுகூடப் படுக்காமல் தூங்குகிறான்,
ரொட்டி வண்டி வராத கிழமையில்
வால் ஃபுந்தோ தூங்குவதுபோல.
ஜன்னலைச் சாத்தத்தான் எழுந்தேன்.
கொக்கியில் கை வைத்தபடி நிற்கிறேன்.
இன்று மத்தி கிலோ மூன்றரை யூரோவாம்.
அவன் எழுந்ததும்
விளக்கைப் போட்டுவிட்டுச் சொல்ல வேண்டும்.